வழுக்கல் வாத்தியார்

சென்னியப்பன் வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் 'வட்டம்' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். "திருவிழாவுக்குப் போனோம், ராட்டினத்தில் ஏறினோம்" என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்த பிள்ளை, ராட்டினம் உச்சிக்குப் போன குஷியில் "எனக்குத் தலை சுற்றுகிறது, தம்பி கத்துகிறான்" என்று எழுதிவிட்டால் போதும். 'சுற்றுகிறது'வுக்கு ஒரு சிவப்பு வட்டம், 'கத்துகிறான்' என்பதற்கு இன்னொன்று. ஓரத்தில் "எந்தக் காலத்தில் நிற்கிறாய்?" என்று ஒரு கேள்வி. நேற்று நடந்ததை நேற்றாகவே சொல்லி முடிக்கத் தெரியாதவனுக்கு வேறெதையும் ஒழுங்காகச் சொல்ல வராது என்பது அவர் கட்சி. அதற்காக யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. பொறுமையாக வருஷக்கணக்கில் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் சல்லடை வந்து சேர்ந்தது.

எழுதும் இயந்திரங்கள் எல்லார் கையிலும் வந்துவிட்ட பிறகு, முட்டைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேர் போன அந்த மாவட்டம் சும்மா இருக்குமா? 'மறக்க முடியாத நாள்', 'நான் செய்த உதவி' என்று தலைப்புக்கு நாலு கட்டுரை இயந்திரத்திடம் எழுதி வாங்கி, பிள்ளைகளை விடுதியில் உட்கார வைத்து உருப்போட வைத்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மழை பெய்தது. எல்லாரும் ஒரே நாய்க்குட்டியைச் சாக்கடையிலிருந்து தூக்கினார்கள். தேர்வு வாரியம் விழித்துக்கொண்டு ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. அதன் அரசாங்கப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லாரும் அதைச் சல்லடை என்றார்கள். விடைத்தாளை அதனிடம் காட்டினால், எழுத்து பிள்ளையுடையதா, மனப்பாடம் செய்த இயந்திரத்துடையதா என்று சொல்லிவிடும்.

மாவட்டத் தலைநகரில் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்க வந்த இளைஞன் அதை விளக்கினான்.

"இயந்திரம் கதை சொன்னா கடைசி வரைக்கும் ஒரே காலத்துல நிக்கும் சார். அதுக்கு எதுவும் நடக்கலையே, அப்புறம் எது மனசுல தைக்கும்? புள்ளைங்க அப்படி இல்ல. போனேன், வந்தேன்னு எழுதிட்டே வருவாங்க. தைச்ச எடம் வந்ததும் மறுபடி அங்கயே போய் நின்னுடுவாங்க. கை தானா நிகழ்காலத்துக்கு வழுக்கிடும். அந்த வழுக்கல்தான் சல்லடைக்கு வேணும்."

"அது தப்புங்களே," என்றார் சென்னியப்பன்.

"தப்புதான் சார். ஆனா சொந்தத் தப்பு."

வழுக்கல் இருக்கும் கட்டுரைக்குச் சல்லடை பச்சை காட்டும், இல்லாததற்கு 'ஐயம்' என்று போடும். ஐயம் விழுந்தால் அந்த மாணவரின் முடிவை நிறுத்திவைத்து விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் தாளாளர் பிரபாவதி அவரைத் தன் அறைக்கு அழைத்தாள். அப்பா கட்டிய பள்ளிக்கூடத்தை இரண்டு மடங்காக்கியவள். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"சார், இத்தனை வருசமா புள்ளைங்க எங்கெங்க வழுக்குமுன்னு பாத்துப் பாத்து வட்டம் போட்டீங்க. இனி அதே எடத்துல வழுக்கறதுக்குச் சொல்லிக் குடுங்க. உங்களை விட்டா இது யாருக்குத் தெரியும்?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கடைசி வாக்கியம் உள்ளுக்குள் இனித்தது என்பதால் வெட்கம் இன்னும் கூடியது. ஒரு வாரத்தில் முறையை வகுத்துவிட்டார். அழுகையோ விழுகையோ வரும் இடத்துக்குச் சற்று முன்னால் தொடங்கு. இரண்டு வினைச்சொல்லை நிகழ்காலத்தில் விடு. மூன்றாவதில் திரும்பி வா. ரொம்ப வழுக்காதே, நாடகமாகிவிடும். கால அட்டவணையில் 'வழுக்கல் பயிற்சி' என்று ஒரு பாடவேளையே வந்தது. வட்டம் என்ற பழைய பெயர் போய் வழுக்கல் வாத்தியார் ஆனார்.

இதழினி மட்டும் மாட்டேன் என்றாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அவரிடம் படித்த பெண். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடக்கே போயிருந்தார். அம்மா கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தாள். ஆறாம் வகுப்பில் பக்கத்துக்குப் பக்கம் வட்டம் வாங்கியவள், எட்டாம் வகுப்பு முடியும்போது ஒரு வட்டம்கூட வாங்காமல் எழுதினாள். அவளுடைய கட்டுரைகளைத்தான் சென்னியப்பன் மற்ற வகுப்புகளில் வாசித்துக் காட்டுவார்.

"நீங்கதானுங்க சார் அப்படி எழுதக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. இப்ப மாத்தி எழுதச் சொன்னா எனக்கு வரலீங்க சார்."

"வரலைன்னா விட்டுடு கண்ணு," என்றார் அவர். ஒரு பிள்ளையாவது தான் சொன்னதை நம்பியிருக்கிறதே என்று அன்றைக்கு அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிக்கு என்ன விலை என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

தேர்வு முடிவு வந்தது. பள்ளியில் எல்லாருக்கும் பச்சை விழுந்தது. இதழினிக்கு ஐயம்.

விசாரணை மாவட்டத் தலைநகரில் நடந்தது. வகுப்பாசிரியர் என்ற முறையில் சென்னியப்பனும் போக வேண்டும். தாளாளர் தன் காரிலேயே கூட்டிப்போனாள். கார் தன்னைத் தானே ஓட்டிக்கொண்டதால் அவளுக்கு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேச வசதியாக இருந்தது.

"அவ சொந்தமா எழுதுனதுன்னு நீங்க சொல்லுவீங்க. சொல்லுங்க, தப்பில்லை. அடுத்து என்ன கேப்பாங்க? உங்க பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளையும் வழுக்குது, இது மட்டும் எப்படி வழுக்காம எழுதுதுன்னு கேப்பாங்க. நான் வழுக்காம எழுதக் கத்துக்குடுத்தேன்னு சொல்லுவீங்க. அப்ப மத்ததுகளுக்கு யார் வழுக்கக் கத்துக்குடுத்ததுன்னு கேப்பாங்க."

சென்னியப்பன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். ஓட்டுநர் இல்லாத முட்டை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"அத்தனை புள்ளைங்க ரிசல்ட்டும் போயிருமுங்க சார். நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. தெரியாதுன்னு சொன்னாப் போதும்."

விசாரணை அறைக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. இதழினியின் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நீண்ட மேசை. அந்தப் பக்கம் ஹெலன் என்ற அதிகாரி. இந்தப் பக்கம் இதழினி. சென்னியப்பன் நுழைந்ததும் அவள் எழுந்து வணக்கம் சொன்னாள். சார் வந்துவிட்டார், இனிக் கவலை இல்லை என்று அந்த முகத்தில் எழுதியே இருந்தது.

ஹெலன் கனிவாகத்தான் கேட்டாள். "இந்தக் கட்டுரை நல்லா இருக்கு சார். எனக்கே பிடிச்சிருக்கு. ஆனா சல்லடை ஐயம்னு போட்டிருக்கு. நீங்க பல வருஷமா இவளுக்குப் பாடம் எடுக்கறீங்க. இவ இப்படி எழுதக்கூடியவதானா?"

சென்னியப்பனின் கை மேசைமேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் எழுதுமுங்க. ஆனா இந்த அளவுக்கு எழுதுமான்னு எனக்குத் தெரியாதுங்க."

"உங்ககிட்ட இந்த மாதிரி எழுதிக் காட்டினதில்லையா?"

"ஞாபகம் இல்லைங்க."

அந்தப் பக்கம் திரும்பாமலே இதழினி தன்னைப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. சார் பொய் சொல்கிறார் என்று அவள் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஐந்து வருஷத்து மரியாதை அவள் வாயைக் கட்டிப்போட்டது. அவர் காது மடல் எரிந்தது. நாற்காலியோடு தரைக்குள் போய்விட முடியாதா என்றிருந்தது.

ஹெலன் ஒரு தாளை இதழினி பக்கம் நகர்த்தினாள். "பரவாயில்லம்மா. இதுல இப்ப எழுது. இன்னைக்குக் காலையில இருந்து நடந்ததை எழுது போதும்."

அவள் எழுதினாள். எழுதி முடித்துத் தாளைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்துகொண்டாள். ஹெலன் அதைச் சல்லடையின் கண்ணாடிமேல் வைத்தாள். சற்று நேரத்தில் சுவர்த்திரையில் அந்தத் தாள் விரிந்தது. நடுவில் சில சொற்களுக்கு மட்டும் பச்சை பூசியிருந்தது.

*நானும் அம்மாவும் முதல் பேருந்திலேயே வந்துவிட்டோம். அம்மா எனக்கு இட்லி வாங்கித் தந்தார். தான் சாப்பிடவில்லை. சார் காரில் வந்தார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். அதிகாரி அம்மா அவரிடம் என்னைப் பற்றிக் கேட்டார். சார் என்னைப் பார்க்காமல் பேசுகிறார். தெரியாது என்கிறார். மேசைமேல் இருந்த கையை எடுத்து மறைத்துக்கொள்கிறார். நான் அந்தக் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு அதிகாரி அம்மா எனக்குத் தாள் கொடுத்தார்.*

"வழுக்கியிருக்கு," என்றாள் ஹெலன். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, கேட்கவில்லை. "சொந்த எழுத்துதான். நீ போகலாம்மா."

வட்டம் போட்டே பழகிய கண். அந்த நாலு வினைச்சொல்லும் எந்தக் காலத்தில் நிற்கின்றன என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. அவை அங்கேயேதான் நிற்கும், இனி எங்கும் போகாது என்றும் தெரிந்தது.

வெளியே வந்ததும் இதழினியின் அம்மா எழுந்து ஓடிவந்தாள். மகள் தேறிவிட்டாள் என்று கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. சென்னியப்பனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்க புண்ணியமுங்க சார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னதுனாலதான் விட்டாங்க. உங்களை மறக்கமாட்டமுங்க."

இதழினி அம்மாவைத் திருத்தவில்லை. "வர்றமுங்க சார்," என்று மட்டும் சொல்லி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் நாலு வசவு வைதிருக்கலாம். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

அந்த மாதமே அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். பிறகு ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவளைத் தூரத்தில் பார்த்தார். ஒரு பேக்கரி வாசலில் வைத்திருந்த பிறந்தநாள் விளம்பரத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கடைக்காரர் "என்ன வேணுமுங்க சார்?" என்று கேட்டார். அவருக்கு வேண்டாத தேங்காய் பன் ஒன்றை வாங்கினார்.

அடுத்த ஆண்டு சல்லடை இன்னும் கூர்மையாகிவிட்டது. கற்றுக்கொடுத்து வந்த வழுக்கலையும் நிஜமாக வந்த வழுக்கலையும் அது பிரித்துப் பார்த்தது. அரையாண்டு ஒத்திகையில் பள்ளியில் முக்கால்வாசிப் பேருக்கு ஐயம் விழுந்தது. பிரபாவதி மறுபடியும் அவரை அழைத்தாள்.

"அந்த விசாரணையில இதழினி வழுக்குனாளே, அது எப்படிங்க சார்? என்ன நடந்துச்சு?"

அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஆயுள் முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுத்த வாய், கேள்வி என்று ஒன்று வந்தால் மூடிக்கொள்ளாது. நம்பின ஒருத்தர் கைவிட்டால் எங்கே தைக்கும், தைத்த இடத்தில் கை எப்படி வழுக்கும் என்று விளக்கமாகவே சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப எழுதப் போறதுக்கு முன்னால மனசுல ஏதாச்சும் தைக்கணும். ஒவ்வொரு புள்ளைக்கும் எது தைக்குமுன்னு உங்களுக்குத் தெரியாததா சார்? எல்லார் கட்டுரையும் நீங்கதானே படிக்கறீங்க. பரீட்சை அன்னைக்குக் காலையில ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. பாவமாத்தான் இருக்குது. ஆனா ஐயம் விழுந்தா அதைவிடப் பாவம்."

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தார். அவர் தலையாட்டல் அந்தப் பள்ளியில் ஏற்கெனவே பிரசித்தமானது.

தேர்வு நாள் காலையில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பேனாக்களை வைத்துக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். தமிழ் வாத்தியார் நெற்றியில் விபூதி வைத்துப் பேனாவைக் கையில் கொடுப்பார். வரிசையில் முதல் ஆளாகப் பூபேஷ் வந்தான், பல்லைக் காட்டிக்கொண்டு.

"சார், எனக்கு நல்லா உறைக்கற மாதிரி சொல்லிருங்க சார். அப்பத்தான் மார்க் வருமாம்."

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தன. விஷயம் விடுதி முழுக்கப் பரவியிருந்தது. கேட்டு வாங்கிக்கொள்கிற வசவு உறைக்காது என்று சென்னியப்பனுக்குத் தெரியும். உறைப்பது எது என்றும் தெரியும். எட்டாம் வகுப்பில் பூபேஷ் 'என் அப்பா' என்று எழுதிய கட்டுரையில், அப்பா இன்னொரு வீட்டில் இன்னொரு பையனுக்குச் சைக்கிள் பிடித்துக் கற்றுக்கொடுத்ததை மதில் ஓரமாக நின்று பார்த்ததை எழுதியிருந்தான். அதில் மூன்று இடத்தில் வட்டம் போட்டிருந்தார். அந்தப் பையனின் பெயர்கூட அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாரும் உக்காருங்க," என்றார். "உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்."

இதழினியின் கதையைச் சொன்னார். கார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, நீள மேசை எல்லாவற்றையும் சொன்னார். வழுக்கல் பயிற்சி எதற்கு வந்தது என்பதையும் மறைக்கவில்லை. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. "அந்த அதிகாரி கேட்டாங்க. நான் தெரியாதுன்னு சொன்னேன்," என்றவர், அதற்குமேல் நேராகப் போக முடியவில்லை. "அந்தப் புள்ளை என்னையவே பாத்துட்டிருக்குது. நான் கையை எடுத்து மடியில வெச்சுக்கறேன். ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லமாட்டேங்கறேன்." குரல் உடைந்தது. பிள்ளைகள் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. "உங்க வாத்தியார் இப்படிப்பட்ட ஆளு. தெரிஞ்சுக்குங்க. நான் உங்களை ஒண்ணும் சொல்லமாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்ல. போய் உங்களுக்கு வந்ததை எழுதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பூபேஷ் எழுந்து வந்து தன் பேனாவைத் தானே எடுத்துக்கொண்டான். விபூதிக்கு நெற்றியைக் காட்டவில்லை. அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் அப்படியே போனார்கள். சென்னியப்பனுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் இவ்வளவு நாளில் முதன்முறையாக நேர்மையான அவமானம், ஒருவரையும் ஏமாற்றாத அவமானம். வேலை போய்விடும் என்று நினைத்தார். போகட்டும் என்றும் நினைத்தார்.

முடிவு வந்தது. ஒரு பிள்ளைக்குக்கூட ஐயம் விழவில்லை.

பிரபாவதி அவருக்குப் பொன்னாடை போர்த்தினாள். "நான் ஆளுக்கு ஒண்ணா சொல்லச் சொன்னேன். நீங்க ஒரே கதையில எல்லாத்துக்கும் சேத்து முடிச்சிட்டீங்க. எப்படித்தான் தோணுச்சோ," என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே வியந்தாள். அவர்மேல் வைத்திருந்த மரியாதை அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குள் உடைந்தது. அந்த உடைசல் சல்லடைக்குப் போதுமானதாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். அவர் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"அடுத்த வருசமும் அதையே சொல்லிருங்க சார்," என்றாள் தாளாளர். "புதுப் புள்ளைங்கதானே."

தண்டனை என்று நினைத்து ஒப்புக்கொண்டார். வருஷா வருஷம் பிள்ளைகள் முன்னால் தன்னைத் தானே தோலுரித்துக்கொள்வது செய்த காரியத்துக்குச் சரியான தண்டனைதான் என்று மனைவியிடம் சொன்னார். அந்த எண்ணத்தில் ஒரு சுகம் இருந்தது. இரண்டாம் வருஷம் ஒலிபெருக்கி வைத்தார்கள். எந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார். அந்த இடத்தில் தண்ணீர் குடித்தார். கண்ணீரும் வந்தது, சொன்ன நேரத்துக்கு. அந்த வருஷமும் எல்லாருக்கும் பச்சை.

மூன்றாம் வருஷம் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். முடிவு வந்தபோது பாதிப் பேருக்கு ஐயம்.

பிரபாவதி கோபப்படவில்லை. அறைக்குள் அவரை உட்கார வைத்து, மேசைமேல் இருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். எங்க குறைஞ்சு போச்சுன்னு பாக்கறதுக்காக, நீங்க பேசுனதை எழுத்தா மாத்திச் சல்லடையில போட்டுப் பாத்தேன்."

திரையில் அவருடைய பேச்சு முழுவதும் இருந்தது. அதிகாரி கேட்டார். நான் தெரியாது என்றேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே காலம், எங்கும் ஒரு சறுக்கல் இல்லை. வட்டம் போட ஓரிடமும் கிடைக்காத சுத்தமான நடை. கீழே சிவப்பில் ஒரே வரி: *ஐயம். சொந்த அனுபவம் அல்ல.*

அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெட்கம் வரும் என்று காத்திருந்தார். அது வராததைக் கண்டு பயந்துபோனார்.

"பழசாயிருச்சுங்க சார், வேறொண்ணுமில்ல," என்றாள் பிரபாவதி ஆறுதலாக. "அடுத்த பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்குது. இதே மாதிரி வேற யாருக்காச்சும் ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா, யோசிச்சுப் பாருங்க. இல்லைன்னாலும் பரவாயில்ல, இந்த வருச வகுப்புல உங்க மேல உசுரா இருக்கற புள்ளை யாரு?"

இல்லை என்று சொல்லத்தான் சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஆனால் கேள்வி காதில் விழுந்ததுமே, முன் வரிசையில் இடது ஓரமாக உட்காரும் ஒரு பெண்ணின் முகம் அவருக்கு நினைவு வந்துவிட்டது.